நாடி பிடித்த தங்கை

அண்ணன் தடுமாறியதை வாலு மட்டும்தான் பார்த்தாள்.

தண்ணீர் கேனைச் சமையல் மேடைமேல் தூக்கி வைத்தவன், வைத்த கையோடு மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். ஏதோ யோசிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகுதான் அவன் விரல் முட்டிகள் வெளுத்திருந்ததைக் கவனித்தாள். முகத்தில் ரத்த ஓட்டமே இல்லை. கையிலிருந்த புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தோளைத் தாங்கினாள். ஆள் நல்ல கனம். இருவருமாகச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் மூச்சை இழுத்து விட்டான், கண்ணைத் திறந்தான்.

"வெறும் வயிறு. அதான்," என்றான்.

அவன் சாப்பிட்டு முடித்த தட்டு கழுவுதொட்டியில் இன்னும் ஈரமாகக் கிடந்தது. வாலு அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவனும் பார்த்தான்.

"உங்க அண்ணிகிட்ட வாயைத் திறக்காத. இன்னிக்கு உனக்குப் பரீட்சை. அதை மட்டும் பாரு."

அண்ணி மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கிளிப் மாட்டுகிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. வாலு தலையை ஆட்டினாள். சரி என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை.

வாலு என்பது அண்ணன் வைத்த பெயர். சின்ன வயதில் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போனதால் ஒட்டிக்கொண்டது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, அவளுக்குத் தலை பின்னியதிலிருந்து பள்ளிக்கூட மீட்டிங்குக்குப் போய் டீச்சரிடம் திட்டு வாங்கியது வரைக்கும் அவன்தான். அண்ணியைக் கட்டிக்கொள்ளும் முன்பே, "என்னோட இவளும் இருப்பா, சம்மதமா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசினான். அண்ணி சம்மதித்தாள். சம்மதித்ததோடு நிற்காமல், நாத்தனாரைக் கேலி செய்கிற உரிமையையும் முழுசாக எடுத்துக்கொண்டாள். அனாட்டமி புத்தகத்தில் வால் எலும்பு வந்த அன்று அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "உனக்குன்னே ஒரு எலும்பு வச்சிருக்காங்க பாரு. அதுக்கும் பெருசா வேலையில்லையாம்."

நர்சிங் வகுப்புக்குள் கால் வைப்பதற்கு முன்னால், வாலு படிக்கிற கல்லூரியில் ஒரு வருஷம் கழித்தாக வேண்டும். அந்த வருஷத்தில் வருகிறவர்களை வடிகட்டுகிற பாடம் ஒன்றே ஒன்று: உடம்பு எப்படி அமைந்திருக்கிறது, எப்படி ஓடுகிறது என்கிற பாடம். எழுத்துத் தேர்வில் எப்படியாவது முட்டி மோதித் தேறிவிடலாம். செய்முறையில்தான் ஆட்கள் உருண்டார்கள். போன தடவை வாலுவும் உருண்டாள். மேசைமேல் கிடக்கும் இதயத்தின் இடது பக்கம் பார்க்கிறவளுக்கு வலது பக்கம். அந்தச் சின்ன விஷயம் அவள் காலை வாரிவிட்டது. ஒன்றை மாற்றி எழுதினாள், அதைத் தொட்டு எல்லாமே மாறிப் போனது.

அதற்குப் பிறகு வீடே பாடசாலையாகிவிட்டது. குளியலறைக் கதவில் சிறுநீரகம். ஃபிரிட்ஜ் கதவில் முதுகெலும்பு. தையல் கடையில் வேலை பார்க்கும் அண்ணி, வெட்டியதில் மிஞ்சிய துணிகளைச் சேர்த்துத் தலையணை பெரிசுக்கு ஓர் இதயம் தைத்துக் கொடுத்தாள். அசுத்த ரத்தம் போகிற அறைகளுக்கு நீல லைனிங், சுத்த ரத்தத்துக்குச் சிவப்பு, நடுவில் ஒரு ஜிப். இடது கீழறைக்கு மட்டும் துணியை இரட்டையாக மடித்துத் தைத்திருந்தாள், அங்கே சுவர் தடிமன் என்று வாலு சொன்னதால். ராத்திரி சாப்பாடானதும் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்று வாலு விரலால் கோடு போட்டுக் காட்டுவாள். தப்பினால் அண்ணி ஜிப்பை மூடிவிடுவாள். மறுபடியும் முதலிலிருந்து.

இப்படிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் போன ஞாயிற்றுக்கிழமை நாடி பார்க்கப் பழகுகிறேன் என்று அண்ணன் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தாள். அது ஓடிய விதம் அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டு துடிப்பு வேகமாக வந்தது. ஒன்று வரவே இல்லை. பிறகு நாலைந்து முட்டி மோதிக்கொண்டு வந்தன. திரும்பவும் எண்ணினாள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு. அண்ணன் கையை இழுத்துக்கொண்டான். "உனக்கு எண்ணத் தெரியல. போய்ப் படி," என்றான். போன தடவை தோற்றவளுக்கு அது போதுமானதாக இருந்தது. தனக்குத்தான் தெரியவில்லை என்று நம்பிவிட்டாள்.

இன்று காலை சமையலறையில் பார்த்த பிறகு, அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

*

கல்லூரிக்கு அவனே பைக்கில் கொண்டுபோய் விட்டான். வேண்டாம், நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று அவள் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. வழி நெடுக அவன் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிக்னலில் வண்டி நின்றபோதெல்லாம் அவன் காலைத் தரையில் ஊன்றுகிறானா என்று எட்டிப் பார்த்தாள்.

கேட்டுக்கு வெளியே இறங்கியதும், மதியம் ட்யூட்டிக்குப் போக வேண்டாம், ஒரே ஒரு நாள் லீவு சொல்லு என்று கெஞ்சினாள். அவன் நகரப் பேருந்து டிரைவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உடம்பு சரியில்லை என்று லீவு போட்டதில்லை. அதை ஒரு பட்டம் மாதிரி சொல்லிக்கொள்வான்.

"அடுத்த மாசம் டிரைவர்களுக்கெல்லாம் மெடிக்கல் செக்கப் இருக்கு," என்றான். "இப்பப் போய் நான் தலை சுத்துதுன்னு சொன்னா என்ன ஆகும் தெரியுமா? டிப்போவுல உக்கார வச்சு டயர் எண்ணச் சொல்லுவாங்க. எனக்கு வண்டி ஓட்டறதைத் தவிர என்ன தெரியும், சொல்லு."

அவன் அவள் பையைச் சரி செய்து தோளில் மாட்டிவிட்டான். "இதயம் வந்தா இடது வலதைப் பாத்து எழுது," என்று சொல்லிவிட்டுப் போனான்.

*

தேர்வுக் கூடத்தில், உறுப்புகளைக் கெடாமல் வைக்கிற ஃபார்மலின் வாடை கண்ணைக் கரித்தது. நீள மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பொருள், அதில் குத்திய சிறு கொடி. மணி அடித்தால் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். செல்போன்களை வாசலிலேயே வாங்கி ஒரு கூடையில் போட்டுவிட்டார்கள்.

கூடத்தின் நடுவில் எலும்பு மேடம் நின்றுகொண்டிருந்தார். மாணவிகள் வைத்த பெயர் அது. ஒல்லி என்பதால் அல்ல. பாடம் நடத்தும்போது தொடை எலும்பைக் கையில் எடுத்தார் என்றால் மணி அடிக்கும்வரை கீழே வைக்க மாட்டார், கேள்வி கேட்கும்போது அதையேதான் நீட்டுவார். விதி என்றால் விதி அவருக்கு. போன தடவை வாலுவைத் தோற்கடித்ததும் அவர்தான். தோற்ற பிறகு அவளைக் கூப்பிட்டு, இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான், அதற்கு மேல் இந்தக் கதவு திறக்காது என்று சொன்னதும் அவர்தான்.

முதல் மேசையில் தோள்பட்டை எலும்பு. எழுதினாள். அடுத்ததில் சிறுநீரகத்தின் வெட்டு முகம். குளியலறைக் கதவு ஞாபகத்துக்கு வந்தது, எழுதினாள். நாலைந்து மேசை தாண்டியதும் வெள்ளைத் தட்டில் ஆட்டு இதயம் கிடந்தது. கொடி குத்தியிருந்த அறை எது என்று கேள்வி.

ஒரு கணம் எல்லாம் மறந்துவிட்டது. போன தடவை போலவே காதுக்குள் ஒரு இரைச்சல். கண்ணை மூடிக்கொண்டாள். கையுறை போட்ட விரலால் சுவரை அழுத்திப் பார்த்தாள். மெத்தென்று அமுங்கியது. கொடி இருந்த பக்கத்தை அழுத்தினாள். அமுங்கவில்லை. இரட்டையாக மடித்துத் தைத்த பக்கம் இதுதான் என்று கையே சொல்லிவிட்டது. 'இடது கீழறை' என்று எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது, அவ்வளவுதான்.

கடைசி மேசையில் பொருள் எதுவும் இல்லை. ஒரு நாற்காலி. அதில் பக்கத்து இருக்கைத் தோழி, எல்லாரும் கண்ணாடிக்காரி என்று கூப்பிடுகிறவள், கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவள் நாடியை அவள் பார்த்து முடித்துவிட்டாள், இப்போது அவள் நாடியை இவள் பார்க்க வேண்டும். எலும்பு மேடம் அதே கையின் இன்னொரு பக்கத்தில் தானும் விரலை வைத்துக்கொண்டு நின்றார், சரிபார்ப்பதற்கு.

வாலு மூன்று விரலை வைத்தாள். துடிப்பு உடனே கிடைத்தது. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. ஒரே சீரான நடை, இஸ்திரி போட்ட மாதிரி. எண்ணுவதற்கு என்ன இருக்கிறது இதில்? குழந்தைகூட எண்ணிவிடும். நேரம் முடிந்ததும் எண்ணைச் சொன்னாள்.

"சரி," என்றார் மேடம். "சரியா எண்ணியிருக்க."

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் ஏங்கிக்கொண்டிருந்த வார்த்தை அது. அவளுக்கு எண்ணத் தெரிகிறது. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமையும் அவள் சரியாகத்தான் எண்ணியிருக்கிறாள். தப்பு அவள் விரலில் இல்லை. அண்ணன் மணிக்கட்டில் இருக்கிறது.

கண்ணாடிக்காரி எழுந்து போன பிறகும் அவள் நகரவில்லை. மேடம் தாளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"மேடம், நாடி ஒழுங்கே இல்லாம ஓடினா என்ன அர்த்தம்? ஒண்ணு வருது, ஒண்ணு வரலை, எப்ப வரும்னு சொல்லவே முடியலைன்னா?"

"அது வாய்மொழித் தேர்வுல நான் உன்கிட்டக் கேக்க வேண்டிய கேள்வி."

"மயக்கமும் வருது மேடம்."

மேடம் பேனாவை மூடினார். யாருக்கு என்று கேட்கவில்லை. மயக்கமும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நாளைக்கு என்று தள்ளக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

"அவங்க வண்டி ஓட்டலாமா?"

"கூடாது."

அந்த ஒரு வார்த்தையோடு வாலு வாசலைப் பார்த்தாள். செய்முறைப் பகுதி முடிந்துவிட்டது. சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு வாய்மொழித் தேர்வு, முதல் வரிசையிலேயே அவள் பெயர். அண்ணன் டிப்போவிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வருகிற நேரமும் கிட்டத்தட்ட அதுவேதான்.

போக வேண்டும் என்று சொன்னாள். மேடத்தின் முகம் இறுகியது.

"உன் பேரைக் கூப்பிடும்போது நீ இல்லைன்னா ஆப்சென்ட். அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல. இது உனக்கு ரெண்டாவது தடவை, தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்," என்றாள் வாலு. சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

*

கூடையிலிருந்து செல்போனை எடுத்துக்கொண்டு வந்து, கல்லூரி வாசலில் நின்றபடியே அண்ணனுக்குப் போன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. ட்யூட்டியில் இருக்கும்போது போனை சீட்டுக்குக் கீழே பெட்டியில் போட்டுவிடுவது அவன் பழக்கம்.

பிறகு அண்ணிக்கு அடித்தாள். காலையில் அண்ணனுக்குத் தலையாட்டியது ஞாபகத்துக்கு வந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பார்த்த நாடி, சமையலறையில் நடந்தது, மேடம் சொன்னது, எதையும் விடவில்லை. அவள் பேசப் பேச, அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷினின் சத்தம் நின்றது. அண்ணி அழவில்லை. ஐயையோ என்றும் சொல்லவில்லை.

"எந்த ஸ்டாண்டு?" என்று மட்டும் கேட்டாள்.

வாலு ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அண்ணனின் வண்டி ஏற்கனவே நடைமேடையில் நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் கீழே நின்று ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார். முன் சீட்டில் ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு கூட்டம், ஒரே சிரிப்பும் கும்மாளமுமாக.

முன் படியில் ஏறி டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அண்ணன் கண்ணாடியைச் சரி செய்துகொண்டிருந்தவன், அதிலேயே அவளைப் பார்த்தான். திரும்பாமல் கேட்டான்.

"பரீட்சை?"

"பாதியில விட்டுட்டு வந்துட்டேன்."

அவன் முகம் கறுத்தது. போய் எழுது, இறங்கு என்றான். குரலை உயர்த்தவில்லை. பயணிகள் இருக்கும்போது அவன் குரலை உயர்த்த மாட்டான். அவள் நகரவில்லை. குனிந்து, அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எனக்கு எண்ணத் தெரியுது அண்ணா. இன்னிக்கு மேடமே கூட விரல் வச்சுப் பார்த்தாங்க. எனக்கு எண்ணத் தெரியாம இல்ல. உனக்குத்தான் துடிப்பு தப்புது."

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்டக்டர் விசில் அடித்தார். பின்பக்கக் கதவு மூடிக்கொண்டது.

"நீ இறங்கு வாலு. இந்த ஒரு டிரிப். வந்து பேசிக்கலாம்."

"நீ ஓட்டினா நானும் வர்றேன். இங்கேயே நிக்கிறேன். உன் தலை எப்பச் சாயுதுன்னு பாத்துக்கிட்டே வர்றேன்."

அவன் கியரில் கை வைத்தான். வண்டி லேசாக ஒரு குலுக்கு குலுக்கியது. வாலு கம்பியை இறுகப் பிடித்தாள். முன் சீட்டுப் பெண் குழந்தையை இன்னும் கொஞ்சம் அணைத்துக்கொண்டாள், எதற்கென்று அவளுக்கே தெரியாமல்.

நகர வேண்டிய வண்டி நகரவில்லை. அண்ணன் கால் பிரேக்கில் இருந்தது. வாலு கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள்.

வண்டிக்கு நேர் எதிரே அண்ணி நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் அளவு டேப், முந்தானையில் குத்திய ஊசி, ஒரு செருப்பைக் காணோம். எங்கேயோ ஓடி வரும்போது விட்டிருக்கிறாள். கையை நீட்டி மறிக்கவில்லை, சத்தம் போடவில்லை. வெறுமனே நின்றாள். மூச்சு வாங்கியதில் தோள்கள் மட்டும் ஏறி இறங்கின. பக்கத்து வண்டிக்காரன் ஹார்ன் அடித்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புருஷன் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் தலையைத் தூக்கி உள்கண்ணாடியில் பார்த்தான். அதில் முழு வண்டியும் தெரியும். குழந்தையும் தெரியும், சீருடைக் கூட்டமும் தெரியும்.

சாவியைத் திருப்பினான். எஞ்சின் நின்றது.

இறங்கி, ஸ்டாண்டு ஓரத்துக் கூண்டிலிருந்த டைம் கீப்பரிடம் போய், "எனக்கு உடம்பு சரியில்ல. வேற ஆளைப் போடுங்க," என்றான். டைம் கீப்பர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் கேட்டதே இல்லை. விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரிக்கப் போனவர், முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

*

மூன்று பேரும் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உள்ளே அவனைப் படுக்க வைத்து, நெஞ்சில் கிளிப்புகளை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். பிறகு ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

வெளியே பெஞ்சில் அண்ணியும் வாலுவும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி முந்தானையிலிருந்த ஊசியை எடுத்து டேப்பின் நுனியில் குத்தினாள். பிறகு எடுத்தாள். திரும்பக் குத்தினாள்.

"அவர் மறைச்சாரு, சரி. அவர் அப்படித்தான்," என்றாள் கடைசியில். "நீயுமா? காலையில நான் மாடியிலதான் இருந்தேன். கடல் தாண்டி இல்ல. ஒரு குரல் குடுத்திருந்தா நான் வந்திருக்க மாட்டேனா?"

வாலுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தப்புதான் என்றாள். அண்ணி அவளைத் திரும்பிப் பார்க்காமலேயே கையை நீட்டி, அவள் கன்னத்தைப் புறங்கையால் அழுத்தித் துடைத்துவிட்டாள். கோபமும் போகவில்லை, கையும் விலகவில்லை.

அப்போது வாலுவின் போன் அதிர்ந்தது. கண்ணாடிக்காரி. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். மேடம் அவள் பெயரை வரிசையின் கடைசிக்கு மாற்றிவிட்டாராம். யாரிடமும் எதுவும் சொல்லவில்லையாம், பேனாவால் ஒரு கோடு போட்டு மாற்றியதோடு சரி. கடைசி ஆள் முடிகிறவரைக்கும் இருப்பாராம். அதற்குள் வந்தால் ஆப்சென்ட் இல்லை.

அண்ணனை ஸ்கேன் அறையிலிருந்து வெளியே கொண்டுவந்து படுக்கையில் மாற்றியிருந்தார்கள். வாலு போய் விஷயத்தைச் சொன்னாள். போக மாட்டேன் என்றும் சொன்னாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து அதுவரை அவளோடு ஒரு வார்த்தை பேசாதவன், தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான்.

"போ. இங்க உன் அண்ணி இருக்கா. நான் எங்கேயும் ஓடிப் போக மாட்டேன், செருப்பைக்கூடப் பிடுங்கி வச்சிருக்காங்க." சிரிக்க முயன்றான். "நீ சொன்னது சரி. நான் சொன்னதுதான் தப்பு. போதுமா? போய்ப் பதில் சொல்லிட்டு வா."

அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. பையை எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பினாள். அதற்குள் டாக்டர் உள்ளே வந்தார், வாலு வாசலிலேயே நின்றாள். வயதில் சின்னவர், பெண்மணி, கையில் ஸ்கேன் தாள். அண்ணியிடம் நிதானமாக விளக்கினார். இதயத்தின் சுவர் இருக்க வேண்டியதைவிட ரொம்பவே தடித்திருக்கிறது, அதனால்தான் துடிப்பு தடம் புரள்கிறது, மயக்கம் வருகிறது. நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள், மருந்து இருக்கிறது, ஆனால் இனிமேல் பேருந்து ஓட்டுவதை மறந்துவிட வேண்டும். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அண்ணி அவன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க," என்று டாக்டர் வாசலில் இருந்த வாலுவைக் கூப்பிட்டார். "நீங்க இவரோட கூடப் பொறந்தவங்களா?"

"ஆமா."

"அப்பா இருக்காரா?"

இல்லை என்றாள். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை அவருக்கு, தான் கைக்குழந்தையாக இருந்தபோதே ஏணியிலிருந்து தவறி விழுந்து இறந்துபோனார் என்று, தனக்குச் சொல்லப்பட்டிருந்ததை அப்படியே சொன்னாள்.

"தவறி விழல," என்றான் அண்ணன்.

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். அவன் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏணியைக் கீழ பிடிச்சுக்கிட்டிருந்தது நான்தான். நான் சரியாப் பிடிக்கலைன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் சரியாத்தான் பிடிச்சிருந்தேன். ஏணி அசையல. மேல நிக்கும்போதே அவர் கையிலிருந்து பிரஷ் நழுவுச்சு. அதுக்கப்புறம்தான் அவர் விழுந்தாரு. விழறதுக்கு முன்னாடியே அவர் கண்ணு மூடியிருந்துச்சு."

அண்ணியின் கை அவன் காலிலேயே இருந்தது. இத்தனை வருஷத்தில் அவளிடம்கூட அவன் இதைச் சொன்னதில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. டாக்டர் ஸ்கேன் தாளை மடித்தார். இந்த மாதிரி இதயம் சில வீடுகளில் தலைமுறையாக வரும், ஒருவருக்கு இருந்தால் கூடப் பிறந்தவர்களையும் பார்த்துவிட வேண்டும் என்று, யாரையும் பயமுறுத்தாத குரலில் சொன்னார்.

"அவளுக்கு வேணாம் டாக்டர்." அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "அவளுக்கு ஒண்ணும் இருக்காது. அவ அம்மா சாடை." அவன் சொன்ன வேகத்திலேயே தெரிந்தது, இந்தப் பதிலை அவன் பல காலமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான் என்று.

வாலு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கல்லூரியில் இந்நேரம் வரிசை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கும் என்று தெரியவில்லை. பையைக் கழற்றி அண்ணியிடம் கொடுத்தாள்.

"எனக்கும் ஈசிஜி சீக்கிரம் எடுத்துடலாமா டாக்டர்? எனக்குப் பரீட்சை இருக்கு."

திரையை இழுத்துவிட்டு நர்ஸ் அவளைப் படுக்க வைத்தாள். ஜெல் சில்லென்று இருந்தது. ஒவ்வொரு கிளிப்பும் எந்த இடத்தில், எந்த விலா எலும்புகளுக்கு இடையில் ஒட்டுகிறது என்று வாலுவுக்குத் தெரிந்தது. தெரியாமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று முதல் தடவையாகத் தோன்றியது. மெஷின் சின்னதாக முனகியது, தாள் நகர ஆரம்பித்தது. திரைக்கு அந்தப் பக்கம் அண்ணன் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

நர்ஸ் தாளைக் கிழித்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். கிளிப்புகளை ஒரு தடவை அழுத்திச் சரி செய்தாள்.

"அசையாம படும்மா," என்றாள். "இன்னொரு தடவை எடுத்துக்கலாம்."